குறுக்குப் பெருக்கல் பிள்ளைகளைக் கெடுக்கிறதா?

மன்னைக்காரர்: எட்டாவது படிக்கும் மகளுக்கு ஒரு கணக்கு கொடுத்தேன். நாலு ஏக்கரை 12 பேர் நட்டால் 6 நாள் ஆகும். 18 பேர் வந்தால்? 12-க்கு 6, 18-க்கு எவ்வளவு என்று எழுதி, குறுக்கே பெருக்கி, 9 நாள் என்றாள். ஆள் கூடினால் நாளும் கூடுமா என்று கேட்டால், "டியூஷன்ல இப்படித்தான் போடச் சொன்னாங்க." இந்த முறையையே தூக்கி எறிய வேண்டும் என்கிறேன்.

குடந்தை டியூஷன்: கத்தி விரலை வெட்டினால் கத்தியையே எறிவீர்களா சார்? ஒன்று கூடினால் மற்றதும் கூடும் நேர் மாறலா, ஒன்று கூடினால் மற்றது குறையும் எதிர் மாறலா என்று உங்கள் மகள் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எதிர் மாறலில் பெருக்கல் பலன் மாறாது. 12 × 6 = 72. அதை 18-ஆல் வகுத்தால் 4 நாள். ஒரு வரியில் முடிந்தது.

மன்னைக்காரர்: அந்த 72 என்ன என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். நடவுக்கு வரும் அக்காக்களுக்குத் தெரியும்: "இந்த வயலுக்கு 72 ஆள் பிடிக்கும்." அதாவது ஆள்நாள், ஓர் ஆள் ஒரு நாளில் செய்யும் வேலை. அது புரிந்த பிள்ளைக்கு நேர், எதிர் என்ற பெயரே வேண்டாம்.

ஆற்றோரம்: மன்னைக்காரர் பக்கம்தான் நானும். மேட்டூரில் வினாடிக்கு 12,000 கன அடி திறப்பு என்று செய்தி வருகிறது. இதற்கு என்ன சூத்திரம்? ஒரு நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 103 கோடியே 68 லட்சம் கன அடி. 100 கோடி கன அடிதான் ஒரு டி.எம்.சி. ஆக, தினம் ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே போகிறது. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதால், வரத்தே இல்லாமல் கடைசிச் சொட்டு வரை திறந்தாலும் சுமார் 90 நாள்தான். அலகே வழி சொல்கிறது.

குடந்தை டியூஷன்: அலகும் ஏமாற்றும் தம்பி. மா என்ற நில அளவில் ஒரு வயல் 3 மா, மாவுக்கு 12 மூட்டை நெல் கண்டது. இன்னொன்று 1 மா, அதில் 8 மூட்டை. சராசரி என்ன? அலகு ஒன்றுதானே என்று கூட்டி இரண்டால் வகுத்து 10 என்பார்கள். மொத்தம் 44 மூட்டை, 4 மா. மாவுக்கு 11. பரப்பு 3-க்கு 1 என்ற விகிதம் தெரியாமல் அலகை மட்டும் வைத்து என்ன செய்வது?

மன்னைக்காரர்: சரி, இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதிலும் உங்கள் குறுக்குப் பெருக்கல் எங்கே வந்தது?

வயக்காட்டான்: ரெண்டு பேரும் வயலில் இறங்கியதில்லை போல. 72 பேரை ஒரே நாளில் இறக்குங்கள் பார்ப்போம். நாற்று பறித்து, கட்டிக் கொண்டுவந்து போடவே தனி ஆள் வேண்டும். பாதிப் பேர் வரப்பில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எதிர் மாறலுக்கும் ஓர் எல்லை உண்டு. அப்புறம், அந்த 44 மூட்டை எந்த மூட்டை? வியாபாரியின் 60 கிலோவா, கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோவா?

குடந்தை டியூஷன்: 60 என்றே வையுங்கள். சிப்பத்தில் எவ்வளவு? மன்னை சார், மகளிடமே கேளுங்களேன்.

மன்னைக்காரர்: கேட்டேன். 66 என்றாள்.

குடந்தை டியூஷன்: பார்த்தீர்களா! 44-ஐயும் 60-ஐயும் பெருக்கி, 40-ஆல் வகுத்திருப்பாள்.

மன்னைக்காரர்: இல்லை சார். "ரெண்டு மூட்டையைப் பிரிச்சா மூணு சிப்பம்ப்பா" என்றாள்.