கடைசித் தாளைக் கிழிச்சது ஏன்? பள்ளிக்கூடக் காதல் மங்காவில ஒரு சிக்கல்

குளக்கட்டு (கிளிநொச்சி)

வணக்கம். மங்கா (யப்பான் படக்கதை) பாணியில 24 பக்கக் கதை ஒண்டு கீறிக்கொண்டிருக்கிறன். மாங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், ரெண்டு பேரும் 12ஆம் தரம். கவின் தன்ர இரசாயனவியல் கொப்பியை ஆரணிக்கு இரவல் குடுக்கிறான். கடைசித் தாளில பென்சிலால ரெண்டு வரி. கொப்பி திரும்பி வரேக்க அந்தத் தாள் இல்லை. 'விருப்பமில்லை எண்டுதான் கிழிச்சவள்' எண்டு அவன் ஒதுங்கிறான். கொப்பி இன்னும் நாலு பேரின்ர கைக்குப் போகும் எண்டு தெரிஞ்சுதான் அவள் கிழிச்சு ஒளிச்சு வைச்சது. இது 21ஆம் பக்கத்திலதான் வெளிக்கும். வாசிச்சவை 'ஒரு மெசேச் போட்டா முடியிற பிரச்சினை' எண்டு சிரிக்கினம். எங்க பிழைக்குது?

---

பாலைநிழல் (முல்லைத்தீவு)

கரு நல்லது தம்பி. பிழையா விளங்கிறது கவின் மட்டும் எண்டதுதான் கோளாறு. ஆரணி எல்லாம் தெரிஞ்சவளா 13 பக்கம் சும்மா நிண்டா, வாசிக்கிறவனுக்கு அவளில கோவம்தான் வரும். அவளுக்கும் பாதிதான் தெரியவேணும்.

ஒரு தாளை நடுவில கோடு போட்டுப் பிரியும். ஒவ்வொரு காட்சிக்கும் இந்தப் பக்கம் 'கவின் கண்டது, அதில இருந்து எடுத்தது', அந்தப் பக்கம் ஆரணிக்கு அதே மாதிரி. உதாரணத்துக்கு: தாள் இல்லாததைக் கண்ட கவின் ரியூசன் வாங்கில பின்னுக்குப் போய் இருக்கிறான். ஆரணி கண்டது வாங்கு மாறினதை. 'எழுதினதுக்கு வெக்கப்படுறான், மறக்கச் சொல்லுறான்' எண்டு எடுக்கிறாள். அவனுக்குச் சங்கடம் குடுக்கக்கூடாது எண்டு திரும்பிப் பார்க்காமல் போறாள். கவின் கண்டது, அவள் பார்க்காமல் போனதை. ஒராளின்ர கரிசனை மற்ற ஆளுக்குச் சாட்சியா மாறவேணும். தொடர்ந்து மூண்டு காட்சிக்கு ஒரு பக்கம் வெறுமையாக் கிடந்தா, அந்த மூண்டையும் திருப்பி எழுதும்.

மெசேச் கதைக்கு 'போன் உடைஞ்சு போச்சு' எண்டு தப்பாதையும். வீட்டில போன் ஒண்டுதான், அது அம்மான்ர கையில எண்டு ஒரு பனலில (படக்கட்டத்தில) காட்டினாப் போதும். வலுவான காரணம் அவளுக்குள்ள இருக்கு: 'வாசிச்சனான்' எண்டு சொன்ன உடனே மறுமொழியும் சொல்லவேணும். அவளிட்ட மறுமொழி இன்னும் இல்லை. அதைக் கீறும், ஒருத்தரும் மெசேச்சைப் பற்றிக் கேக்கமாட்டினம்.

---

வவுனியா மை

பாலைநிழல் அண்ணை சொன்னதோட ஒத்துப்போறன், ஆனா 21ஆம் பக்கம் வரைக்கும் ஒளிக்கிறதே எனக்குச் சரியாப் படேல்லை. கடைசியில அவிழ்த்தா ஒரு பக்கத் திடுக்கம்தான் மிச்சம். 10ஆம் பக்கத்திலயே வாசகருக்குக் காட்டிவிடும். பிறகு வாற ஒவ்வொரு பனலும் கனக்கும்.

ஏன் 10? இடமிருந்து வலமாக் கட்டின புத்தகத்தில ஒற்றைப் பக்கம் வலப்பக்கம், அதுக்குப் பிறகுதான் தாள் திரும்பும். 9இன்ர கடைசிப் பனலில கேள்வியை நிப்பாட்டி, 10இன்ர முதல் பனலில விடையை வையும்.

ஒண்டை நீர் கவனிக்கேல்லை. நடுவில கம்பி அடிச்ச கொப்பியில கடைசித் தாளை முழுசாக் கிழிச்சா, அதோட சோடியா இருக்கிற முதல் தாளும் கழரும். வேண்டாம் எண்டு கிழிச்சவள் அதைப் பற்றி யோசிக்கமாட்டாள். ஆரணி அடிமட்டம் வைச்சு நேராக் கிழிச்சு, முதல் தாள் விழாமல் ஓரத்தில பசை பூசி ஒட்டியிருக்கட்டும். 7ஆம் பக்கத்தில நேரான விளிம்பைப் பின்னணியில காட்டும், கவின் கவனிக்கேல்லை. 19இல கொப்பியை விரிக்கேக்க முதல் தாள் விறைப்பா நிக்கிறதைத் தடவிப் பார்க்கிறான். இவ்வளவு கவனமா ஒட்டினவள் வெறுத்திருக்கமாட்டாள் எண்டு அவனாக் கண்டுபிடிக்கவேணும். தோழி ஒருத்தி வந்து விளக்கம் சொல்லுற வழக்கமான காட்சியை அப்ப வெட்டிவிடலாம்.

அந்த இடத்தில மூண்டு பனல் காணும்: விரல், தாளின்ர ஓரம், பேச்சில்லாத முகம். பின்னணி வெள்ளை. நினைப்பை எழுதினாப் பலூன் (வசனத்தைச் சுத்திக் கீறுற வட்டம்) போடாமல் படத்துக்கு மேலயே விடும். 1970களில ஷோஜோ மங்கா (பெட்டையளுக்கான மங்கா) கீறின பெண் ஓவியர்மார் வளர்த்தெடுத்த முறை அது.

மனநிலையை ஒரு அடையாளத்தாலயும் சுமக்கலாம். யோஷிடோகி ஓயிமா 2013-14இல கீறின 'கோஎ நோ கடாச்சி' எண்ட மங்காவில, நாயகன் விலக்கி வைச்ச ஆக்களின்ர முகத்தில பெரிய பெருக்கல் குறி ஒட்டியிருக்கும், அவன் நெருங்க நெருங்க அது கழண்டு விழும். அதையே கொப்பி அடிக்காதையும். உமக்கு அந்த வாங்கின்ர வெறும் இடம் இருக்கு.

---

குளக்கட்டு

முதல் தாள் விசயம் அருமை, நன்றி. கடைசியில யப்பான் கதையள் மாதிரி அவன் வாய்விட்டுச் சொல்லவேணுமோ? மொட்டைமாடியில வைப்பம் எண்டு நினைச்சனான்.

---

பாலைநிழல்

அங்க 'உன்னை விரும்புறன்' எண்டு நேரச் சொல்லுறது பழக்கத்தின்ர தொடக்கம், அதுக்குப் பிறகுதான் ரெண்டு பேரும் சோடி. குடும்பப் பெயரில கூப்பிட்டவை பிறகு சொந்தப் பெயருக்கு மாறுறதே ஒரு படி. எங்கட பெடியனுக்கு 'நீங்கள்' போய் 'நீர்' வந்தாலே அவ்வளவும் சொன்ன மாதிரி. ஒரு இடத்தில மட்டும் மாத்தும், அதுவும் ஆரணி மாத்தட்டும்.

மொட்டைமாடி வேண்டாம். ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடத்தில எங்க ஏறுறது? சைக்கிள் பாக், தண்ணிக் குழாயடி, அரைச்சுவர் இருக்கு. அரைச்சுவர் பெரிய வசதி: உள்ளுக்கு இருக்கிறவளை வெளியில போறவன் தோள் வரைக்கும் காணலாம், கையில என்ன வைச்சிருக்கிறாள் எண்டு தெரியாது. செர்ரிப் பூவும் வேண்டாம், ஏப்ரலில தொடங்கிற அவையின்ர கல்வியாண்டோட சேர்ந்தது அது. பிரிவை ஆடிப் புழுதியிலயும் சேர்றதை ஐப்பசி மழையிலயும் வைச்சாக் காலம் போனதுக்கு எழுத்தே தேவையில்லை.

---

அச்சுக்கூடம் (புதுக்குடியிருப்பு)

போட்டோக்கொப்பியில அடிக்கிற எண்ணமெண்டா இப்பவே அளவைப் பாரும். ஏ4இல கீறி ஏ5க்குச் சுருக்கேக்க 71 வீதம் வரும். 0.5 மில்லிமீற்றர் கோடு 0.35 ஆகும், 16 புள்ளி எழுத்து 11 புள்ளிக்கு இறங்கும். அதுக்குக் குறைய வைச்சா ஔகாரமும் ஒற்றும் அடைஞ்சுபோகும். நெருக்கமான புள்ளி நிழல் சுருங்கேக்க கறுத்துப்போகும், அகலப் புள்ளியாப் போடும். மடிச்சுக் கம்பி அடிக்கப் பக்க எண்ணிக்கை நாலால பிரிபடவேணும், 24 சரி. நடு மடிப்புப் பக்கம் 15 மில்லிமீற்றர் விடும்.

யப்பான் எழுத்து மேலயிருந்து கீழ வாறதால அவையின்ர பலூன் ஒடுங்கி உயரமா இருக்கும். அந்தப் பலூனைப் பார்த்துக் கீறினா 'சொல்லியிருக்கலாமெல்லோ' மாதிரி ஒரு சொல் ரெண்டு மூண்டாப் பிளக்கும். முதல்ல வசனத்தை எழுதி, வரிக்கு ரெண்டு மூண்டு சொல்லா முறிச்சு, அதுக்குப் பிறகு பலூனைச் சுத்திக் கீறும். பிறகு திருப்பிக்கொள்ளலாம் எண்டு யப்பான் மங்கா மாதிரி வலமிருந்து இடமாக் கீறாதையும், கண்ணாடி மாதிரித் திருப்பேக்க கவின்ர சேட்டுப் பொக்கற் வலப்பக்கம் போயிடும்.