நிலாவெளி வெயிலுக்கு என்ன பூசலாம்?

கடற்கரைப்பிள்ளை:
நிலாவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்குத் தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். மணிக்கூட்டு வார் கட்டுகிற இடம் மட்டும் வெளுப்பு, மிச்சக் கையெல்லாம் கறுத்துவிட்டது. மூக்கு நுனி வேறு உரிகிறது. அம்மா தேசிக்காய் தேய்க்கச் சொல்கிறா. சரிவருமா?

உப்புவெளி அக்கா:
தங்கச்சி, தேசிக்காயை மட்டும் தொடாதீங்க! அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் போடும், அப்புறம் கறுப்புத் தழும்பு கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். நான் பின்னேரம் வீடு வந்ததும் குளிர்ந்த தயிரைப் பூசி, காய்ந்து இழுக்க முதல் கழுவிவிடுவேன். எரிவு அடங்கும். வெள்ளரிக்காய்த் துருவலும் நல்லது. பப்பாசி, தக்காளி எல்லாம் பூசுவதைவிடச் சாப்பிடுவது மேல் என்பது என் கட்சி.

மூதூரான்:
தயிர் எரிவைத் தணிக்கும், வெயிலைத் தடுக்காது. தேங்காயெண்ணெயையும் நம்ப வேண்டாம். எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீன், தோலை எரிக்கிற யூவிபி கதிரில் 97 சதவீதம் அளவுக்குத் தடுக்கும், ஆனால் தாராளமாகப் பூச வேணும். வெளியில் நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பவும் பூச வேணும். ஸ்கூட்டிக்கு முழுக்கைச் சட்டைதான் மலிவான மருந்து.

கடற்கரைப்பிள்ளை:
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப தேசிக்காயைச் சொதிக்கு விடுவம்" என்கிறா. ஹெல்மெட்டுக்குள் வேர்த்தால் கிறீம் கண்ணுக்குள் வடியாதா, அண்ணா?