இந்தியக் கட்டடக்கலைஞர் உலகச் சந்தையில் நிற்க முதலில் மாற வேண்டியது எது: உரிமத் தேர்வா, ஒப்பந்தப்புள்ளி முறையா? (புனைபெயர்களில் எழுதுவோரின் விவாதம்)

வரைபலகை:

சென்னையில் ஐந்தாண்டு பி.ஆர்க். என்ற கட்டடக்கலைப் பட்டம் படித்து, அது கைக்கு வந்த சில வாரங்களிலேயே, நாட்டின் கட்டடக்கலைஞர்களைப் பதிவு செய்யும் கட்டடக்கலை கவுன்சிலில் பதிவு செய்துகொண்டவன் நான். அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் அந்தப் பதிவு எண்ணுக்குக் கடல் தாண்டினால் மதிப்பில்லை என்பதும், அதற்குக் காரணம் நம்முடைய திறமைக் குறைவன்று, நம்முடைய பதிவு முறைதான் என்பதும் எனக்கு விளங்கின. இங்கே உரிமம் பெற வேண்டுமானால் 3,740 மணிநேரப் பணி அனுபவத்தை ஆறு பிரிவுகளில் பதிவு செய்து, மேற்பார்வையாளரின் ஒப்புதலைப் பெற்று, ஆறு பகுதிகள் கொண்ட தேர்விலும் தேற வேண்டும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தாலே போதும். படித்து முடித்தவர் ஒரு கட்டடத்தையாவது அடித்தளத்திலிருந்து கூரை வரை கண்ணால் பார்த்தாரா என்று எவரும் கேட்பதில்லை.

இரண்டு நாடுகள் ஒன்றின் உரிமத்தை மற்றொன்று ஏற்பது இந்தச் சரிபார்ப்பை நம்பித்தான். அமெரிக்காவும் பிரிட்டனும் 2023இல் அப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. தென்கிழக்காசியக் கூட்டமைப்பான ஆசியானின் நாடுகள் 2007லேயே கட்டடக்கலைச் சேவைக்கென்று தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2005இல் இந்தியாவும் சிங்கப்பூரும் செய்த பொருளாதார ஒப்பந்தத்தில் பரஸ்பர அங்கீகாரம் பேசப்பட வேண்டிய தொழில்களின் பட்டியலில் கட்டடக்கலையும் இருந்தது, செவிலியர் பணியும் இருந்தது. செவிலியர்களுக்கான உடன்பாடு 2018இல் கையெழுத்தாயிற்று. செவிலியர்களால் காட்ட முடிந்த தகுதிச் சான்றை நாமும் காட்டும்படி நம் வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை. பட்டத்துக்குப் பின் குறைந்தது இரண்டாண்டு சான்றளிக்கப்பட்ட பணி அனுபவமும், அதன் முடிவில் ஒரு தேசிய உரிமத் தேர்வும் வேண்டும். இவை இல்லாமல் உலகச் சந்தையைப் பற்றி நாம் பேசுவது வீண் பேச்சு.

செங்கல்சூளை:

நண்பர் வரைபலகை அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அவர் பிடித்திருப்பது வாலை. வெளிநாட்டில் ஒருவர் வேலைக்குச் சேர உரிமம் உதவும். வெளிநாட்டவர் நம்மைத் தேடி வந்து ஒரு கட்டடத்தை ஒப்படைக்க வேண்டுமானால், நாம் கட்டிய கட்டடம்தான் உதவும். அந்தக் கட்டடத்தைக் கட்டும் வாய்ப்பு நம் இளைஞர்களுக்கு நம் மண்ணிலேயே கிடைப்பதில்லை என்பதே என் வழக்கு.

மதுரைப் பக்கம் நான்கு பேர் கொண்ட சிறிய அலுவலகம் என்னுடையது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகரத்தின் பொது நூலகத்துக்கு ஆலோசகர் தேவை என்று ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தார்கள். மூன்று வாரம் உழைத்தோம். மேற்கு வெயில் படாமல் வாசிப்பறையை எப்படித் திருப்புவது என்பதற்காகவே ஒரு மாதிரி செய்து, மொட்டை மாடியில் வைத்து, நிழல் விழுவதை மணிக்கு ஒருமுறை அளந்தோம். தொழில்நுட்ப உறையில் அந்த வடிவமைப்பைக் கேட்கவே இல்லை. கடந்த மூன்றாண்டு வரவு எவ்வளவு, இதே அளவுக் கட்டடங்கள் எத்தனை முடித்தீர்கள் என்பவை மட்டுமே கேட்கப்பட்டன. நாங்கள் தட்டுத்தடுமாறித் தகுதி பெற்றோம். கட்டண உறையைப் பிரித்தபோது வேலையைப் பெற்றவர் எழுதியிருந்த கட்டணம் கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே. அந்தத் தொகைக்கு எவராலும் ஒரு நூலகத்தை யோசிக்க முடியாது. பழைய வரைபடத்தில் பெயரை மாற்றிக் கொடுக்கத்தான் முடியும்.

இப்போது வேறொன்றைப் பாருங்கள். டெல்லியில் தேசியப் போர் நினைவுச்சின்னத்துக்கு உலகளாவிய வடிவமைப்புப் போட்டி வைத்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட படைப்புகள் வந்தன. வென்றது சென்னையைச் சேர்ந்த இளம் அலுவலகமான வீபி டிசைன் லேப். சின்னம் 2019 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பழைய வரவு செலவுக் கணக்கை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் அந்த வடிவமைப்பு மேசைக்கே வந்திருக்காது.

ஜப்பானின் கதையும் இதுவே. போரில் அழிந்த ஹிரோஷிமாவில் அமைதிப் பூங்காவுக்காக 1949இல் நடந்த போட்டியில் வென்றபோது கட்டடக்கலைஞர் கென்சோ டாங்கே முப்பதுகளில்தான் இருந்தார். அங்கிருந்து 1964 ஒலிம்பிக்கின் யோயோகி அரங்கத்துக்கும், பின்னர் பூகம்பத்தில் சிதைந்த, அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸ்கோப்யே நகரின் மறுவடிவமைப்புக்கும் அவர் போனார். பிரான்சில் 1985ஆம் ஆண்டின் பொதுக் கட்டுமானச் சட்டத்துக்குப் பிறகு பெரிய அரசுக் கட்டடங்களுக்குப் போட்டி என்பது வழக்கமாகிவிட்டது. நாம் மட்டும், சாலைக்குத் தார் வாங்குவது போலக் கட்டடத்துக்கு யோசனை வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

வரைபலகை:

ஜப்பானைக் காட்டியதற்கு நன்றி. ஹிரோஷிமா போட்டிக்கு அடுத்த ஆண்டே, 1950இல், ஜப்பான் கட்டடக்கலைஞர் சட்டத்தைக் கொண்டுவந்து அரசுத் தேர்வைக் கட்டாயமாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். முதல் வகுப்பு உரிமத்துக்கு எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் ஆறரை மணிநேரம் உட்கார்ந்து கையாலேயே ஒரு முழுக் கட்டடத்தை வரைந்து கொடுக்க வேண்டும். இரண்டையும் தாண்டுவோர் பத்தில் ஒருவர் அளவில்தான் இருக்கிறார்கள். டாங்கேயின் மேதைமையோடு, அவருடைய வரைபடத்தைக் கட்டடமாக்கத் தெரிந்த பல்லாயிரம் பேரின் தேர்ச்சியும் சேர்ந்துதான் ஜப்பானைத் தூக்கி நிறுத்தியது.

நம் நிலையோ வேறு. உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் அளித்த தீர்ப்பில், 1972ஆம் ஆண்டின் சட்டம் 'கட்டடக்கலைஞர்' என்ற பட்டப்பெயரைத்தான் காக்கிறது, அந்தத் தொழிலைச் செய்வதை அன்று என்று தெளிவுபடுத்திவிட்டது. பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது, வேலையைச் செய்யலாம். உள்நாட்டுச் சட்டமே இவ்வளவு மெலிந்த காவலாக இருக்கும்போது, பதிவு பெற்றவர் தன்னை வேறுபடுத்திக் காட்ட நிரூபிக்கப்பட்ட தேர்ச்சியைத் தவிர எதை நம்ப முடியும்? பட்டம் வழங்கும் கல்லூரிகளோ பல நூறாகப் பெருகிவிட்டன. எல்லாவற்றின் தரமும் ஒன்றென்று இங்கே எழுதும் எவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல மாட்டார்கள்.

ஓஎம்ஆர் இரவுப்பணி:

நீங்கள் இருவரும் உலகச் சந்தையை இனிமேல் நுழைய வேண்டிய இடமாகப் பேசுகிறீர்கள். நான் ஒன்பது ஆண்டுகளாக அதற்குள்தான் இருக்கிறேன். பி.ஆர்க். படித்து, கவுன்சிலில் பதிவும் உள்ளவன். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓஎம்ஆர்) ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் குடியிருப்புகளுக்கு ரெவிட் என்ற வரைமென்பொருளில் கட்டுமான வரைபடம் தயாரிக்கிறேன். அங்குள்ள விதிப்படி பொதுப் படிக்கட்டின் படி உயரம் ஏழு அங்குலத்தைத் தாண்டக்கூடாது, மிதி அகலம் பதினோரு அங்குலத்துக்குக் குறையக்கூடாது, கைப்பிடி முப்பத்து நான்கிலிருந்து முப்பத்தெட்டு அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். இவை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எனக்கு வரும். நம் ஊர்க் கட்டட விதியில் படிக்கட்டு எப்படி என்று கேட்டால் புத்தகத்தைப் புரட்டித்தான் சொல்வேன். மாலையில் அங்கிருந்து சிவப்புக் கோட்டுத் திருத்தங்கள் வரும். விடிவதற்குள் சரிசெய்து அனுப்புவோம். தாளின் வலது ஓரத்துக் கட்டத்தில் முத்திரை அங்குள்ள கட்டடக்கலைஞருடையது. 'வரைந்தவர்' என்ற சிறு கட்டத்தில் என் பெயரின் இரண்டு எழுத்துகள் இருந்தன. போன ஆண்டு வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் அதையும் எடுத்துவிட்டோம்.

சென்னையிலும் கோவையிலும் இந்த வேலையில் இருக்கும் இளைஞர்கள் ஏராளம். நாங்கள் விற்பது மணிநேரத்தை. கட்டடக்கலையில் விலை இருப்பது முடிவெடுப்பதிலும் அந்த முடிவுக்குப் பொறுப்பேற்பதிலும்தான். மழைநீர் உள்ளே கசிந்தால் வழக்கு யார் மேல் வரும் என்பதே அங்கே முதல் கேள்வி. அந்தப் பொறுப்பை ஏற்க தொழில்முறை இழப்பீட்டுக் காப்பீடு வேண்டும். நம் சிறிய அலுவலகங்களில் அப்படிக் காப்பீடு எடுத்தவரை நான் நேரில் சந்தித்ததே இல்லை. தேர்வு வைத்தாலும் போட்டி வைத்தாலும், தவறுக்கு ஈடு கட்டும் வலு இல்லாத அலுவலகத்திடம் எந்த வெளிநாட்டு முதலீட்டாளரும் முழு வேலையை ஒப்படைக்க மாட்டார்.

வரைபலகை அவர்களிடம் ஒரு கேள்வியும் உண்டு. நீங்கள் கேட்கும் இரண்டாண்டு அனுபவக் கணக்கில் என்னுடைய ஒன்பது ஆண்டு சேருமா? களத்துக்கே போகாதவன் என்று தள்ளிவிடுவீர்களானால், உங்கள் சீர்திருத்தம் ஏற்கெனவே உலகத்துக்கு உழைப்பவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் தொடங்கும்.

நிழல்முற்றம்:

அங்குல விதிகளைத் தாண்டி ஒரு சொல். உலகச் சந்தைக்கு ஒருவர் போனால் அங்கே இல்லாத ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் 1989இல் தொடங்கியது. அங்கே உருவான ஆரம் 3000 என்ற கையால் இயக்கும் அழுத்து இயந்திரம் இன்று பல நாடுகளுக்குப் போகிறது. ஈரமண்ணும் சிறிதளவு சிமெண்ட்டும் கலந்து அச்சில் இட்டு, நெம்புகோலை இருவர் சேர்ந்து கீழே இழுத்தால் சுடாத கல் ஒன்று வெளியே வருகிறது. விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தே கலவை சரியா என்று அங்குள்ள மேஸ்திரி சொல்லிவிடுவார். இதைக் கற்கப் பல நாடுகளிலிருந்து வந்து அமர்கிறார்கள். வெப்ப நாடுகளில் குறைந்த செலவில் குளிர்ச்சியாகக் கட்டும் அறிவு நம்மிடம் இருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கும் வளைகுடாவுக்கும் தேவை அதுதான். கண்ணாடிக் கோபுரத்தை அவர்கள் வேறு எங்கும் வாங்கிக்கொள்வார்கள்.

இதை வெளியே சொல்லவும் நம் விதிகள் தடுக்கின்றன. கட்டடக்கலைஞர்களுக்கான 1989ஆம் ஆண்டின் தொழில்நடத்தை விதிகள் விளம்பரத்தைப் பொதுவாக விலக்கிவிட்டு, கட்டடத்தின்மேல் பெயர் போடலாம், ஆனால் எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று விலக்கு அளிக்கின்றன. தொழிலின் கண்ணியத்தைக் காக்க எழுதிய விதி என்பது புரிகிறது. உலகளாவிய போட்டிக்கு அது பொருந்தவில்லை.

செங்கல்சூளை அவர்களுக்கு ஒன்று. இலங்கையில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவுக்குக் கோட்டே நாடாளுமன்றக் கட்டடம் போட்டியில் கிடைக்கவில்லை, ஜனாதிபதி நேரடியாக ஒப்படைத்தார். 1982இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் எந்தப் போட்டிக் கட்டடத்துக்கும் குறைந்ததா?

செங்கல்சூளை:

குறைந்ததில்லை, ஐயா. ஆனால் ஆள்பவரின் ரசனையை நம்பி ஒரு தொழிலை வளர்க்க முடியாது. சென்னை ஓமந்தூரார் வளாகத்தை எண்ணிப் பாருங்கள். சட்டமன்ற வளாகமாக ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஜிஎம்பி கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்து 2010இல் திறக்கப்பட்ட கட்டடம், ஆட்சி மாறிய பின் 2014இல் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. மருத்துவமனையாகப் பல்லாயிரம் பேருக்குப் பயன்படுவதில் எனக்கு மகிழ்ச்சியே. நான் சொல்ல வருவது, ஒரு கட்டடத்தின் தேவையையும் வடிவத்தையும் நடுவர் குழு வெளிப்படையாக விவாதித்து, காரணங்களை எழுதி வெளியிட்டிருந்தால், அதற்குப் பின்னால் பொதுமக்களின் பிடிமானம் ஒன்று இருந்திருக்கும் என்பதே.

காப்பீட்டைப் பற்றி நண்பர் இரவுப்பணி எழுதியதைப் படித்தபின் என் நிலையைச் சிறிது மாற்றிக்கொள்கிறேன். போட்டியில் வென்ற சிறு அலுவலகத்துக்குக் கட்டணம் முறையாகக் கிடைத்தால்தான் அது காப்பீட்டுக் கட்டணத்தைக் கட்ட முடியும்; ஆகவே போட்டி அறிவிப்பிலேயே கட்டணத்தை முன்கூட்டி நிர்ணயித்துவிட வேண்டும், விலையில் எவரும் எவரையும் வெட்டக்கூடாது. இதற்கு நாடாளுமன்றத்தில் சட்டத்திருத்தம் வேண்டியதில்லை. ஒரு துறைச் செயலர் மனம் வைத்தால் ஒரு மாவட்ட நூலகத்திலேயே தொடங்கலாம். உங்கள் தேர்வுக்கு 1972ஆம் ஆண்டின் சட்டத்தையே திறக்க வேண்டியிருக்கும். அதற்குள் இன்னொரு தலைமுறை ஓஎம்ஆரில் இரவுப்பணிக்குப் போய்விடும்.

மூன்றாமாண்டு மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசி மாவட்டத்திலிருந்து வந்து படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். நுழைவுத் தேர்வுக்கே பயிற்சி மையத்துக்குக் கட்ட அப்பா கடன் வாங்கினார். உரிமத் தேர்வு வந்தால் அதற்கும் ஒரு பயிற்சி மையம் முளைக்கும் என்பது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அண்ணன்மார் யாரும் அதைப் பற்றிச் சொல்லவில்லையே?

வரைபலகை:

தங்கையே, உன் கேள்விக்குப் பிறகு என் முதல் பதிவைத் திரும்பப் படித்தேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வை மட்டும் வைத்தால் நீ சொல்வதுதான் நடக்கும். ஆகவே என் கோரிக்கையின் வரிசையை மாற்றுகிறேன்: அனுபவப் பதிவு முதலில் வரட்டும், தேர்வு அதற்குப் பின்னால், குறைந்த கட்டணத்தில், தமிழிலும் எழுதும்படி வரட்டும். தேர்வே வேண்டாம் என்று மட்டும் நான் ஒப்ப மாட்டேன்.

நண்பர் இரவுப்பணி கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒன்பது ஆண்டும் சேர வேண்டும், ஆனால் ஆவணம் தயாரித்தல் என்ற ஒரே பிரிவின் கீழ். களம், வாடிக்கையாளர், ஒப்பந்தம் ஆகிய பிரிவுகளுக்கு அவருடைய நிறுவனம் அவரை ஆறு மாதமாவது உள்ளூர்க் கட்டுமானத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும் என்பதற்காக உங்களோடு சேர்ந்து மனு எழுத நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

சட்டம் வரும்வரை நீ காத்திருக்காதே, தங்கையே. பயிற்சிக் காலம் தொடங்கும் நாளிலேயே ஒரு குறிப்பேடு வாங்கு. தேதி, எத்தனை மணிநேரம், எந்தக் கட்டடம், என்ன வேலை, யார் மேற்பார்வை என்று ஐந்து பத்திகள் போட்டு, மாத முடிவில் உன் மூத்த கட்டடக்கலைஞரிடம் பதிவு எண்ணோடு கையெழுத்து வாங்கி வை. நான் என் முதல் இரண்டு ஆண்டுகளை அப்படி எழுதி வைக்காததால், பின்னர் பழைய அலுவலகத்துக்குப் பதினேழு மின்னஞ்சல்கள் எழுதியும் அதில் ஒரு மணிநேரத்தைக்கூட நிரூபிக்க முடியவில்லை.