புதுப்பிப்பு: இலை மட்டும் விட்ட டேலியா இப்போது பூத்துவிட்டது

டேலியா ஆளுயரம் வளர்ந்தும் மொட்டு வைக்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன்; பதில் தந்த அனைவருக்கும் நன்றி. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரத்தை நிறுத்திவிட்டு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள உரத்துக்கு மாறச் சொன்ன யோசனைதான் பலித்தது. 6 வாரங்களில் முதல் மொட்டு வந்தது. தண்டின் நுனியைக் கிள்ளிவிடச் சொன்ன இன்னொரு யோசனையை, 4 இணை இலைகள் விட்டிருந்த இளஞ்செடியில் மட்டும் செய்து பார்த்தேன். அது பூக்கச் சற்றுத் தாமதித்தாலும், பக்கக் கிளைகள் விட்டு நிறையவே பூத்தது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. உடன் நட்ட டேலியாக் கிழங்குகளில் மிகப் பருத்தது முளைக்கவே இல்லை. தோண்டிப் பார்த்தபோது, தண்டோடு சேரும் கழுத்துப் பகுதி முறிந்து, முளை கிளம்பும் கண்ணே இல்லாமல் இருந்தது. உருளைக்கிழங்கைப் போல டேலியாக் கிழங்கின் உடல் முழுவதும் கண்கள் இருக்கும் என்று எண்ணி, பருமனை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். உண்மையில் தண்டின் அடியை ஒட்டிய அந்தப் பகுதியில் மட்டுமே கண்கள் உண்டு.