பள்ளிச் சுற்றறிக்கைகளைச் சிறிய கைப்பேசித் திரைக்கு ஏற்ப அமைக்க உதவி தேவை

அன்பர்களுக்கு வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குச் சுற்றறிக்கைகளைத் தயாரித்துப் பிடிஎஃப் கோப்பாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பி வருகிறேன். 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 பக்கம் 70 மில்லிமீட்டர் திரையில் அடங்கும்போது, 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாயார், பேருந்துக் கட்டண அட்டவணையை விரலால் பெரிதாக்கிப் பக்கவாட்டில் நகர்த்திப் படித்ததில் வரிசை மாறி, ஐந்து ரிங்கிட் குறைவாகக் கொடுத்தனுப்பினார். பிழை அவருடையதன்று, என் அட்டவணையுடையது.

இணையப் பக்கங்களை அனைவரும் எளிதாக அணுகுவதற்கென 2018இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 நெறிமுறை, 320 சிஎஸ்எஸ் பிக்சல் (இணையப் பக்க அளவீட்டு அலகு) அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க இயல வேண்டும் என்கிறது. அட்டவணை, வரைபடம் போன்று இருபரிமாண அமைப்பு தேவைப்படுபவற்றுக்கு விலக்கு உண்டு, எனக்குச் சிக்கலே அந்த அட்டவணையில்தான். சுற்றறிக்கையை எச்டிஎம்எல் (இணைய) பக்கமாக மாற்றி, பக்க அகலத்தைத் திரைக்கு ஏற்ப அமைக்கும் வியூபோர்ட் குறிச்சொல்லைச் சேர்த்ததும் பத்திகள் அழகாக மடிந்தன. ஆறு நெடுவரிசை கொண்ட கட்டண அட்டவணையோ மடிய மறுக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்தையும் தனிக் கட்டமாகப் பிரிப்பது நல்லதா, அல்லது முதல் நெடுவரிசையை அசையாமல் நிறுத்துவதா?

மற்றொன்று: பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் உள்ளன. அவற்றில் ஒற்றைக்கொம்பு (ெ) மெய்க்கு முன்னரே தட்டச்சாகியிருப்பதால், மாற்றும்போது 'கொடி' என்னும் சொல்லே சிதறுகிறது. இவ்வரிசையைச் சரியாகத் திருத்தும் மாற்றி எதையேனும் பயன்படுத்தியவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். தோட்டத்திற்குள் இணைய அலை சரியாகக் கிடைப்பதில்லை. ஆகவே இணையமின்றியும் திறக்கும் ஒற்றைக் கோப்பாக இருப்பின் நலம்.