ஏற்காட்டு ஈரத்தில் என் .22 ரைபிள்: கோளாறு கட்டையிலா, தோட்டாவிலா, விலையிலா?

நாகலூர் தோட்டம்:
வணக்கம். மூன்று வருடத்துக்கு முன் உரிமம் உள்ள கடையில் வாங்கிய விலை குறைந்த .22 போல்ட் ஆக்‌ஷன் ரைபிள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் இருக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து மூட வேண்டும். குழலைத் தாங்குவது மரக்கட்டை, ஐந்து தோட்டா மேகசின். வாங்கிய புதிதில் 50 மீட்டரில் ஐந்து தோட்டாவும் இரண்டரை சென்டிமீட்டருக்குள் விழுந்தன. இப்போது ஏழு சென்டிமீட்டருக்குச் சிதறுகின்றன. அதைவிட வேதனை, 50 தோட்டா போட்டால் ஆறு வெடிக்காமல் வெறும் ‘டிக்’ சத்தத்தோடு நின்றுவிடுகின்றன. மழைக்காலம் முழுக்க ரைபிள் இங்கே மலை மேல்தான் இருக்கிறது, துணி காயவே மூன்று நாள் ஆகும் வீடு. மாதம் இரண்டு முறை சேலத்தில் சுடும் ரேஞ்சுக்கு இறங்குகிறேன். முதலில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் கண்ணாடியை) மாற்றலாமா?

ஓமலூர் ரோடு:
ஸ்கோப் வேண்டாம், ரைபிளையே மாற்றுங்கள். நானும் இப்படி ஒன்றை வைத்துக்கொண்டு ஸ்கோப், ஸ்பிரிங், கட்டை என்று ஒவ்வொன்றாகச் செலவு செய்தேன், கூட்டிப் பார்த்தபோது கொஞ்சம் சேர்த்துப் போட்டிருந்தால் நல்லதாகவே வாங்கியிருக்கலாம். விலைக்குத் தகுந்த வேலைதான் செய்யும்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
விற்கிற பேச்சு எதற்கு? முப்பது வருடமாக இரும்போடு இருக்கிறேன். கம்பியை முன்பக்கமாக விட்டுத் துடைத்துத் துடைத்துக் குழல் வாயின் விளிம்பு தேய்ந்திருக்கும். தோட்டா கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது, ஒரு பக்கம் பிசிறு இருந்தால் போதும், தோட்டாவின் போக்கையே திருப்பிவிடும். லேத்தில் கட்டி அரை மணி நேரத்தில் சீராக்கித் தருகிறேன்.

அஸ்தம்பட்டி ப்ரோன்:
அண்ணா, உங்கள் கை வேலையில் சந்தேகம் இல்லை, ஆனால் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். மாட்டினால் உங்களுக்கும் சிக்கல், அவருடைய உரிமத்துக்கும் சிக்கல்.

அப்புறம், குழல் வாய் தேய்ந்தால் தோட்டா வெடிக்காமல் போகாதே? இங்கே இருப்பது இரண்டு தனித்தனி நோய். நாகலூர் அண்ணா, மூன்று விஷயம் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவை அப்படியே இன்னொரு முறை அடித்தால் வெடிக்கிறதா? போல்ட்டை மூடும்போது கடைசியில் அழுத்தித் தள்ள வேண்டியிருக்கிறதா? குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு தாளை விட்டு இழுத்தால் எங்கே மாட்டுகிறது? (‘டிக்’ என்றதும் போல்ட்டைத் திறக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு குறைந்தது அரை நிமிடம் பொறுங்கள், தாமதமாக வெடிப்பதும் உண்டு.)

நாகலூர் தோட்டம்:
ஆறில் ஐந்து இரண்டாவது அடியில் வெடித்தன. போல்ட் மூட உள்ளங்கையால் தள்ள வேண்டியிருக்கிறது, முன்பு அப்படி இல்லை. தாள் கட்டையின் நுனியிலிருந்து நான்கு விரல் தூரத்தில் இடது பக்கம் நின்றுவிட்டது, வலது பக்கம் தாராளமாகப் போகிறது.

அஸ்தம்பட்டி ப்ரோன்:
அப்படியானால் வெடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், இருக்கும் அழுக்கு. .22 தோட்டாவுக்குப் பற்றவைக்கும் மருந்து அடிப்பக்க விளிம்பில்தான் இருக்கிறது, போல்ட்டுக்குள் இருக்கும் ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் பற்றும். ஈயத் தலையில் தடவிய மெழுகும் கரியும் அறையின் முன்பக்கம் வளையமாக இறுகிப்போனால் தோட்டா முழுசாக உள்ளே உட்காராது. முதல் அடியின் பலம் அதை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும், இரண்டாவது அடி வெடிக்கும். ஸ்பிரிங் வாங்கும் முன், போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கமாகவே பிரஷ் விட்டு அறையைத் துடையுங்கள். போல்ட்டுக்குள் எண்ணெய் குளமாக இருந்தால் அதையும் துடையுங்கள், மார்கழிக் குளிரில் அது கெட்டியாகி ஊசியை இழுத்துப் பிடிக்கும்.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
சட்டம் சொன்னது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இடது பக்கம் கட்டை தொடுகிறது என்றால் சூடுதானே காரணம்? குழல் சூடாகி விரியும்போது அந்தப் பக்கம் முட்டித் தள்ளும்.

அஸ்தம்பட்டி ப்ரோன்:
பெரிய தோட்டாவுக்கு அது பொருந்தும். .22-இல் நிதானமாகச் சுடும்போது அவ்வளவு சூடு ஏறாது. எனக்குப் படுவது ஈரம். மலையில் கட்டை உப்புகிறது, சேலத்து வெயிலில் சுருங்குகிறது, குழல் மேல் விழும் அழுத்தம் ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரி. கட்டை அசைந்தால் ஆக்‌ஷனை, அதாவது போல்ட் ஓடும் இரும்புப் பகுதியை, கட்டையோடு பிடித்திருக்கும் திருகும் தளரும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஜீப்பில் குலுங்கிக்கொண்டு வருகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓமலூர் ரோடு:
நீங்கள் எல்லாரும் ஒன்றை மறக்கிறீர்கள். முதல் நாள் சுட்ட ஒரே ஒரு ஐந்து தோட்டாவை வைத்து ‘இது இரண்டரை சென்டிமீட்டர் ரைபிள்’ என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அது அன்றைய அதிர்ஷ்டமாக இருக்கலாம். அன்றும் இன்றும் ஒரே பெட்டித் தோட்டாவா?

அஸ்தம்பட்டி ப்ரோன்:
நியாயமான கேள்வி, நான் அதைக் கேட்காமல் விட்டது தவறு. தோட்டாவின் வேகம் நொடிக்கு 330 மீட்டருக்குப் பதில் 320 ஆனாலே 50 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் கீழே விழும். போட்டி அட்டையில் பத்தாம் வளையத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். மலிவான பெட்டியில் ஒவ்வொரு தோட்டாவும் ஒரு வேகம் போனால், ரைபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் விற்பது பதில் இல்லை. போட்டி ரைபிளின் விலை லட்சக்கணக்கில் இருக்கிறது, அதற்கும் இதே தோட்டாவைத்தான் போடுவார்.

இன்னொன்று, இதைக் கோபப்படாமல் கேளுங்கள் அண்ணா. ‘டிக்’ என்று நிற்கும் அந்த நொடியில் உங்கள் குழல் முனை அசைகிறதா?

நாகலூர் தோட்டம்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். அறையைத் துடைத்ததில் ஈரமான தேயிலைத் தூள் மாதிரி கறுப்பாக வந்தது. போல்ட் இப்போது இரண்டு விரலில் மூடுகிறது. நூறு தோட்டாவில் ஒன்றுதான் வெடிக்கவில்லை.

முனை அசைகிறது. அந்த ஒன்றில் பக்கத்தில் இருந்த நண்பர் பார்த்துச் சொன்னார், கண்ணுக்குத் தெரியும்படி கீழே குத்தியதாம். வெடிக்குமா வெடிக்காதா என்ற பயத்தில் இத்தனை மாதமாக விசையைப் பிடுங்கியிருக்கிறேன், அது எனக்கே தெரியவில்லை.

பின் திருகு அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். ஒரே பெட்டித் தோட்டாவில் நான்கு முறை ஐந்தைந்தாகச் சுட்டேன், சராசரி நான்கு சென்டிமீட்டர் சொச்சம். அறையையும் திருகையும் ஒரே நாளில் தொட்டதால் எது எவ்வளவு உதவியது என்று பிரிக்க முடியவில்லை, அது என் தவறு.

செவ்வாய்ப்பேட்டை லேத்:
நல்லது. ஆனாலும் குழல் வாயைச் சுற்றி உள்ளிருந்து வெளியே பஞ்சுக் குச்சியால் ஒரு முறை தடவிப் பாருங்கள். ரைபிள் காலியாக, போல்ட் வெளியே இருக்கட்டும். நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது.

நாகலூர் தோட்டம்:
தடவினேன் அண்ணா, மாட்டவில்லை. இடது பக்கம் தாள் இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது. கட்டையைச் சுரண்ட இப்போது மனசில்லை. பங்குனியில் நன்றாகக் காய்ந்தபின் அதே தாளை விட்டுப் பார்க்கிறேன், அப்போதும் நின்றால் உரிமம் உள்ளவரிடம் கொடுக்கிறேன்.