மூன்றாவது இக்னிஷன் காயில்

குழு: தாத்தா வீடு, சேலம்

சனி, மாலை 6:12

மீனா: எல்லோரும் வீடு வந்து சேர்ந்துவிட்டோம். ஏற்காடு போகவில்லை. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவிலேயே கார் உதற ஆரம்பித்தது. எவ்வளவு மிதித்தாலும் பிக்கப் இல்லை. இன்ஜின் லைட் வேறு எரிந்தது. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டு, அப்படியே திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

அம்மா: பெட்ரோல் வாடை தாங்க முடியவில்லை. எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

சின்ன மாமா: மீனா கண்ணு, லைட் நிலையாக எரிந்ததா, விட்டு விட்டு எரிந்ததா?

மீனா: ஏறும்போது விட்டு விட்டு எரிந்தது மாமா. கீழே வந்த பிறகு நிலையாக எரிகிறது.

சின்ன மாமா: அப்படியென்றால் வண்டியை இனி எடுக்க வேண்டாம். பால் வாங்கக்கூட வேண்டாம். மிஸ்ஸிங் அடிக்கிறது. ஏதோ ஒரு சிலிண்டரில் பொறி ஒழுங்காக விழவில்லை. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரியும். அதற்குள்ளே தேன்கூடு மாதிரி இருப்பது உருகி அடைத்துக்கொள்ளும். லைட் விட்டு விட்டு எரிவது அதற்கான எச்சரிக்கைதான்.

அப்பா: மாப்பிள்ளை, இறங்கிய கையோடு ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பானட்டைத் திறக்கவே இல்லை. பியூயல் பம்ப் போயிருக்கும், நாலு காயிலையும் மாற்றிவிடலாம், 19,000 ஆகும் என்றார்கள்.

சின்ன மாமா: வேண்டாம் மச்சான். எந்த சிலிண்டர் என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யக் கூடாது. பொறிக்கு வோல்டேஜ் கொடுக்கும் காயிலாக இருக்கலாம், பொறி விடும் பிளக்காக இருக்கலாம், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டராகவும் இருக்கலாம். நாளைக்குக் காலையில் நாமே பார்த்துவிடலாம். மீனா செய்வாள், நான் போனில் இருக்கிறேன்.

அருண்: மாமா, ஆறின பிறகு நன்றாகத்தானே ஓடியது? காயில் போயிருந்தால் ஸ்டார்ட்டே ஆகாதே?

சின்ன மாமா: நாலு சிலிண்டருக்கு நாலு காயில் இருக்கிறது அருண். ஒன்று போனாலும் மூன்றில் ஓடும். அதுவும் ஒரே நாளில் சாவதில்லை. உள்ளே கம்பி மேல் இருக்கும் இன்சுலேஷன் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து வெடிப்பு விடும். ஆறியிருக்கும்போது தாக்குப்பிடிக்கும், சூடேறினால் கசியும். மேட்டில் இன்னும் மோசம். ஏற்றத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த நேரத்தில்தான் பலவீனமான காயில் கைவிடும்.

ஞாயிறு, காலை 7:40

மீனா: மேல் வீட்டு அண்ணனிடம் புளூடூத் ஸ்கேனர் வாங்கிவிட்டேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினேன். பி0303 என்று ஒரு பிழைக் கோட் வருகிறது.

சின்ன மாமா: மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். கடைசி எண்தான் சிலிண்டர். பி0353 என்று கூடவே இருக்கிறதா? அது காயிலின் மின் இணைப்புக்கான கோட்.

மீனா: இல்லை மாமா, இது ஒன்றுதான். பெல்ட் பக்கத்திலிருந்து எண்ண வேண்டுமா?

சின்ன மாமா: ஆமாம், உன் வண்டியில் பெல்ட் பக்கம் முதலாவது.

அப்பா: நம் தெரு எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறேன் என்கிறார்.

சின்ன மாமா: இந்தக் காயிலில் மூன்று பின் இருக்கும் மச்சான், டிரான்சிஸ்டர் உள்ளேயே இருக்கிறது. மீட்டர் சரியாகக் காட்டாது. அதோடு ஆறிப்போய்க் கையில் இருக்கும் காயில் நல்லதாகத்தான் தெரியும். இடம் மாற்றிப் பார்ப்பதுதான் வழி. மூன்றாவதைக் கழற்றி முதலாவதில் போடு, முதலாவதை மூன்றாவதில் போடு. வேறு எதையும் தொடாதே. கோட் காயிலோடு சேர்ந்து நகர்ந்தால் காயில். நகராமல் மூன்றிலேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று தேட வேண்டும்.

அம்மா: ஷாக் அடிக்காதா தம்பி?

சின்ன மாமா: சாவியை எடுத்துவிட்டுத்தான் வேலை அக்கா. இன்ஜின் ஓடும்போது காயிலைக் கையில் பிடித்துப் பொறி பார்க்கிறேன் என்று சிலர் செய்வார்கள். அது மட்டும் ஒருநாளும் கூடாது.

அத்தை: நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். 12 வோல்ட் பேட்டரிதானே என்று நினைக்க வேண்டாம். காயிலுக்குள் இரண்டு சுருள் இருக்கிறது. முதன்மைச் சுருளில் சில நூறு சுற்று, துணைச் சுருளில் தலைமுடி போன்ற கம்பி பல ஆயிரம் சுற்று. முதன்மையில் ஓடும் மின்னோட்டத்தைக் கம்ப்யூட்டர் சட்டென்று நிறுத்துகிறது. காந்தப்புலம் ஒரேயடியாகச் சரிகிறது. அந்த வேகத்தில் துணைச் சுருளில் 20,000, 30,000 வோல்ட் பிறக்கிறது. 1831ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இதை நடத்தும்போதெல்லாம் கார் காயிலைத்தான் உதாரணம் சொல்வேன். 3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு காயிலும் நொடிக்கு 25 முறை இந்த வேலையைச் செய்கிறது.

அருண்: நொடிக்கு 25ஆ!

அத்தை: நாலு ஸ்ட்ரோக் இன்ஜின், இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. கணக்குப் போட்டுப் பார்.

காலை 8:25

மீனா: காயிலில் ஒயரை இணைக்கும் கப்ளர் வர மாட்டேன் என்கிறது. இழுத்தால் உடைந்துவிடும் போல இருக்கிறது.

சின்ன மாமா: இழுக்காதே கண்ணு. 2013 வண்டி, பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும். முதலில் கப்ளரை உள்பக்கம் லேசாகத் தள்ளு, பிறகு லாக்கை அமுக்கு, பிறகு பின்னால் எடு. ஒயரைப் பிடிக்காதே.

மீனா: வந்துவிட்டது! 10 நம்பர் போல்ட் ஒன்றுதான். காயிலை இடவலமாகத் திருப்பி மேலே எடுத்தேன்.

மீனா: (படம்) இதைப் பாருங்கள் மாமா. காயிலின் அடியில் இருக்கும் ரப்பர் பூட் முழுக்க ஆயில். ஊதிப்போய்க் கொழகொழ என்று இருக்கிறது. துடைத்துப் பார்த்தால் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு, ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை.

சின்ன மாமா: அதன் வழியாகத்தான் பொறி பக்கவாட்டில் தாவியிருக்கிறது. பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்.

அப்பா: டார்ச் நான்தான் பிடித்திருக்கிறேன். அடியில் ஆயில் தேங்கி நிற்கிறது. மற்ற மூன்றும் காய்ந்து கிடக்கின்றன.

சின்ன மாமா: இன்ஜின் தலையை மூடும் டேப்பெட் கவரின் பேக்கிங் போய்விட்டது மச்சான். குழியைச் சுற்றி இருக்கும் ரிங் கெட்டியாகி ஆயிலை உள்ளே விடுகிறது. அதைச் சரி செய்யாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் இப்படியே ஊறிப் போகும். சரி, குழியைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மாற்றிப் போடுங்கள். ஸ்கேனரில் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு வீட்டு வாசலிலேயே ஓடவிடுங்கள். நடுக்கம் வந்து கோட் விழுந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

காலை 9:10

மீனா: பி0301!!

அருண்: முதலாவதுக்குப் போய்விட்டது!

அம்மா: அப்படியென்றால் அந்த ஒரு காயில்தானா? பம்ப் நன்றாக இருக்கிறதா?

சின்ன மாமா: பம்ப் போயிருந்தால் நாலும் சேர்ந்து திணறும் அக்கா, காயில் போகும் இடத்துக்குக் கோட் கூடவே போகாது.

அப்பா: நாலு காயிலும் ஒரே வயதுதானே, மொத்தமாக மாற்றிவிடலாமா?

சின்ன மாமா: சிலர் அப்படிச் சொல்வார்கள், அதுவும் தப்பில்லை. ஆனால் இது ஆயிலில் ஊறிக் கெட்டது. மற்ற மூன்றும் காய்ந்த குழியில் இருக்கின்றன. ஒன்றைப் போடு, இன்னொன்றை வாங்கி டிக்கியில் வை. பிளக் மட்டும் நாலும் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?

மீனா: தெரியவில்லை மாமா. தாத்தாதானே எல்லாம் பார்த்தார்.

அப்பா: இரு. டேஷ்போர்டில் அப்பாவின் நோட்டு இருக்கும்.

அப்பா: (படம்) "14.6.2018. 41,200 கி.மீ. பிளக் 4 மாற்றியது. ரூ. 480."

அத்தை: தம்பி, அந்தக் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. நோட்டைப் பத்திரமாக வை.

சின்ன மாமா: இப்போது 96,000 கி.மீ. சாதாரண நிக்கல் பிளக் இவ்வளவு தூரம் உழைத்ததே பெரிய விஷயம். முனை தேயத் தேய இடைவெளி அகலும். அகலமான இடைவெளியைத் தாவ காயில் கூடுதலாக உழைக்க வேண்டும். கண்ணு, ஒரு பிளக்கை எடுத்து இடைவெளி அளக்கும் கேஜ் வைத்துப் பார்.

மீனா: 1.4 மி.மீ. புத்தகத்தில் 1.0 முதல் 1.1 என்று இருக்கிறது. மூன்றாவது பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கறுப்புத் தடம்.

சின்ன மாமா: அது பொறி ஓடிய தடம். கார்பன் படிந்துவிட்டது. பழைய பிளக்கை விட்டுவிட்டுப் புதுக் காயில் மட்டும் போட்டிருந்தால் இதே தடத்தில் மறுபடியும் ஓடியிருக்கும்.

புதன், இரவு 8:50

மீனா: தெருமுனை மெக்கானிக் அண்ணன் டேப்பெட் கவர் பேக்கிங்கும் குழி ரிங் நாலும் மாற்றிவிட்டார். காயில் இரண்டு 3,700, பிளக் நாலு 640, பேக்கிங் கூலியோடு 1,500. பழைய காயிலைக் கையோடு கொண்டுபோய் அதன் மேலிருந்த எண்ணை ஒப்பிட்டுத்தான் வாங்கினேன். முதல் கடையில் கொடுத்தது பாதி விலை, கையில் எடுத்தால் எடையே இல்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

சின்ன மாமா: நல்லது செய்தாய். மாட்டும்போது இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இன்ஜின் ஹெட் அலுமினியம். குழிக்குள் தூசி இருந்தால் முதலில் சைக்கிள் பம்ப்பால் ஊது. பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் சொருகி, அந்தக் குழாயை விரலால் திருப்பி ஏற்று. மரை தப்பினால் குழாய் வழுக்கும், ஹெட் பிழைக்கும். முழுக்க உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, அவ்வளவுதான். பூட் வாயில், மின்சாரம் கடத்தாத டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளி தடவு. சாதாரண கிரீஸ் ரப்பரைத் தின்றுவிடும்.

மீனா: சரிங்க மாமா. நாலாவது பிளக் முதலில் கோணலாக உட்கார்ந்தது, குழாய் வழுக்கியதும் தெரிந்துவிட்டது. எடுத்து மறுபடி ஏற்றினேன்.

மீனா: (ஒலிப்பதிவு, 0:21) ஐடிலிங் கேளுங்கள்.

சின்ன மாமா: காதில் ஒரு விக்கல்கூட விழவில்லை.

ஞாயிறு, காலை 10:05

அம்மா: இருபதாவது வளைவும் தாண்டிவிட்டோம். ஏசி போட்டுக்கொண்டுதான் ஏறினோம். பெட்ரோல் வாடையே இல்லை.

சின்ன மாமா: மேலே போனதும் ஒருமுறை ஸ்கேனரைச் சொருகிப் பார்க்கச் சொல்லுங்கள் அக்கா. லைட் எரிவதற்கு முன்பே பெண்டிங் கோட் என்று ஒன்று சேர்ந்திருக்கும்.

மீனா: ஏரிக்கரையில் நிறுத்திப் பார்த்துவிட்டேன் மாமா. ஒன்றும் இல்லை.

அப்பா: (படம்) நோட்டில் மீனாவை எழுதச் சொன்னேன். "96,140 கி.மீ. 3வது காயில், பிளக் 4, டேப்பெட் கவர் பேக்கிங். இன்னொரு காயில் டிக்கியில், ஸ்டெப்னிக்குப் பக்கத்தில்."

அத்தை: தேதி போடவில்லையே கண்ணு.

மீனா: இதோ போடுகிறேன் அத்தை.